சேஸ் முறுக்கும், வீடு முறுக்கக் கூடாது

முதல் நீண்ட பயணத்தின் நான்காம் நாள் காலையில் வண்டியின் கதவு திறக்கவில்லை. பூட்டில்தான் கோளாறு என்று நினைத்து நண்பர் உள்ளிருந்து தோளால் முட்டிப் பார்த்திருக்கிறார். அசையவில்லை. கடைசியில் அவரும் மனைவியும் ஜன்னல் வழியாக இறங்க வேண்டியதாயிற்று. லாரியை ஸ்டார்ட் செய்து பத்தடி நகர்த்தியதும், ஒன்றுமே நடக்காதது போல் கதவு திறந்துகொண்டது. முந்தைய இரவு நிறுத்திய இடத்தில் முன்பக்க வலது சக்கரம் ஒரு பாறைமேல் ஏறி நின்றிருந்தது. இதை அவர் என்னிடம் சொன்னது மூன்று வாரம் கழித்து, லாரியின் முதுகில் வீடாகக் கட்டிய பெட்டியின் பின்மூலையில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்த பிறகு. அன்றே சொல்லியிருந்தால் பாதி வேலை மிச்சமாகியிருக்கும்.

பதினாறு மாதம் உழைத்து அவர் வீடாக்கிய அந்த ராணுவ லாரியில் என்ன பிசகியது, அதை எப்படிக் கண்டுபிடித்தோம், எதைப் பிரித்து மறுபடி கட்டினோம் என்பதை இங்கே எழுதுகிறேன். சமையல் மேடை, படுக்கை பற்றியெல்லாம் குறைவாகத்தான் வரும். அவை சரியில்லை என்றால் எரிச்சல் வரும், அவ்வளவுதான். பெட்டியும் லாரியும் சேரும் இடம் சரியில்லை என்றால் வண்டியே போச்சு.

வண்டி எது

எம்1078, அமெரிக்க ராணுவத்தின் இரண்டரை டன் நான்கு சக்கர லாரி. இந்தப் பைத்தியம் பிடித்தவர்களிடம் எல்எம்டிவி என்று சொன்னால் போதும். ஆஸ்திரியாவின் ஸ்டெயர் 12எம்18 லாரியை மூலமாக வைத்து, ஸ்டூவர்ட் அண்டு ஸ்டீவன்சன் நிறுவனம் டெக்சாஸில் தயாரித்தது. ஒப்பந்தம் கிடைத்தது 1991இல். படைகளின் கைக்குப் போகத் தொடங்கியது 1996இல். நண்பரிடம் இருப்பது முதல் தலைமுறை: 6.6 லிட்டர் கேட்டர்பில்லர் 3116 இன்ஜின், 225 குதிரைத்திறன், ஆலிசன் ஏழு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கரத்துக்கும் எப்போதும் இழுவை, 395/85 ஆர்20 டயர்கள்.

ராணுவத்திலிருந்து கழித்துவிட்ட லாரி என்றாலே ஓடி ஓடித் தேய்ந்தது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் நேர்மாறு. ஓடாமல் நின்றே கெட்டவைதான் அதிகம். கிலோமீட்டர் மீட்டர் குறைவாகக் காட்டும். ஆனால் ரப்பர் குழாய், ஆயில் சீல், ஏர் பிரேக் டயாஃப்ரம் எல்லாம் வயதுக்கு ஏற்ப வெடித்திருக்கும். டயரின் பக்கச் சுவரில் இருக்கும் கடைசி நான்கு எண்களைப் படிக்கத் தெரிந்தால் போதும்: முதல் இரண்டு எண் வாரம், அடுத்த இரண்டு வருடம். தரையில் படும் பட்டன் நன்றாக இருக்கிறதே என்று ஏமாந்தால், பழைய டயரின் பக்கச் சுவர் நெடுஞ்சாலையில் பிளந்துவிடும்.

இந்த லாரிக்கே உரிய இன்னொரு விஷயமும் உண்டு. ஆரம்பகால வண்டிகளில், இன்ஜின் சக்தியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் தண்டான டிரைவ் ஷாஃப்ட் பக்கம் உடைசல்கள் வந்ததால், 1998இல் அமெரிக்க ராணுவம் இவற்றின் வேகத்தை மணிக்கு 30 மைலுக்கு, அதாவது 48 கி.மீ.க்கு, மட்டுப்படுத்தியது. பிறகுதான் திருத்தங்கள் செய்யப்பட்டன. முதல் தலைமுறை வண்டியை வாங்குகிறவர் அந்தத் திருத்தம் தன் வண்டியில் நடந்திருக்கிறதா என்று அடியில் படுத்துப் பார்த்தே ஆக வேண்டும். நண்பர் பார்த்தார், நடந்திருந்தது. காகித வேலையையும் அவர் ஒழுங்காகச் செய்திருந்தார். அமெரிக்க அரசாங்கம் கழிக்கும் வண்டிக்கு உரிமைப் பத்திரம் வாங்க எஸ்எஃப் 97 என்ற படிவம் வேண்டும். அதில் சாலைக்கு வெளியே மட்டும் ஓட்டலாம் என்ற குறிப்பு இருந்தால் பதிவு செய்வதே பெரும்பாடு.

இரண்டு வாரத்தை விழுங்கியது பெயின்ட். அந்த ராணுவப் பச்சையே ரசாயன ஆயுதங்களின் நஞ்சு உள்ளே ஊறாதபடி செய்யப்பட்ட பாலியூரித்தேன் பூச்சு. பழைய பூச்சுகளில் குரோமியம் கலந்திருக்கும். அதன்மேல் கிரைண்டரை வைத்தால் கிளம்பும் தூசியும், வெல்டிங் செய்தால் எழும் புகையும் நுரையீரலுக்கு ஆகாது. துணிமுகமூடி இதற்குப் பத்தாது. நல்ல வடிகட்டி உள்ள முகக்கவசம் போட்டு, ஈரம் பண்ணித் தேய்த்தார்கள். இதில் அவசரப்படாததற்கு நண்பரைப் பாராட்ட வேண்டும்.

முதல் கட்டுமானம்

சரக்குத் தொட்டியைக் கழற்றிவிட்டு, சதுரக் குழாய்களால் ஒரு அடிச்சட்டம் வெல்டு செய்தார். அதன்மேல் 4.2 மீட்டர் நீளம், 2.3 அகலம், 2.1 உயரத்தில் ஒரு பெட்டி. சுவர் ஒவ்வொன்றும் ஃபைபர் கிளாஸ் தோலுக்கு நடுவே 50 மி.மீ. பாலியூரித்தேன் நுரை வைத்த பலகை. மூலைகளில் அலுமினிய வளைவு, நல்ல பசை. வேலை பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடிச்சட்டத்தை சேஸோடு எட்டு இடத்தில் யு போல்ட் போட்டு, நீண்ட பைப்பை நெம்புகோலாக்கி இறுக்கியிருந்தார். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு பலம் என்பது அவர் கணக்கு. இந்தக் கணக்கு போட்டவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

லாரியின் சேஸ் ஒரு ஏணி. இரண்டு ரயில்கள், அதாவது தண்டவாளம் போல நீளமான இரும்புச் சட்டங்கள், நடுவே குறுக்குச் சட்டங்கள். ரயிலின் வெட்டுமுகம் மூடிய குழாய் இல்லை. ஒரு பக்கம் திறந்த ப வடிவம். மூடியைக் கழற்றிய செருப்புப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள், துணி மாதிரி வளையும். மூடியை வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டு முறுக்குங்கள், அசையாது. இங்கே சேஸ் மூடியில்லாத பெட்டி, வீடு மூடி ஒட்டிய பெட்டி. இரண்டையும் ஆணியடித்தது போல் சேர்த்துவிட்டால் ஏதாவது ஒன்று தோற்றாக வேண்டும்.

சேஸ் வளைவது ஒரு குறை என்று நினைத்துவிடக் கூடாது, அது வேண்டுமென்றே வைத்தது. பாரம் தாங்கும் லாரியின் பட்டை ஸ்பிரிங்குகள் கெட்டியானவை, ஒரு சக்கரம் மேடேறும்போது அவை மட்டும் மடங்கிக் கொடுத்தால் பத்தாது. மீதியை சேஸ் தன் உடம்பை முறுக்கிக் கொடுக்கிறது. அதனால்தான் நான்கு சக்கரமும் தரையை விடாமல் பிடித்திருக்கின்றன.

பிரேதப் பரிசோதனை

நான் போய்ப் பார்த்தபோது நண்பர் தீர்ப்பே எழுதி வைத்திருந்தார். "பசை மோசம். விற்றவன் ஏமாத்திட்டான்." பின்பக்க இடது மூலையில் கீழே சீலன்ட் கிழிந்திருந்தது. பின் ஜன்னலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், 11 செ.மீ. நீளம்.

பசையைச் சோதிப்பது எளிது. பிரிந்து வந்த இடத்தை அறுத்து இரண்டு முகத்தையும் வெளிச்சத்தில் பார்த்தோம். அலுமினியத்தின் மேல் பசை இருந்தது. பசையின் மேல் ஃபைபர் கிளாஸ் தோல். தோலின் மேல் மஞ்சள் நுரையும் ஒட்டிக்கொண்டிருந்தது. பசை விடவே இல்லை, நுரைதான் கிழிந்திருக்கிறது. பசை தன் வேலையைத் தேவைக்கு மேலாகவே செய்திருக்கிறது என்று சொன்னதும் நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

விரிசல் சாய்வாக ஓடியது அடுத்த தடயம். பெட்டி வெறுமனே தொங்கியிருந்தாலோ குதித்திருந்தாலோ விரிசல் இப்படிச் சாய்ந்து ஓடாது. ஜன்னல் மூலையில் 45 பாகைக்குப் பக்கமாக விரிசல் விழுந்தால், அந்தச் சுவர் செவ்வகத்திலிருந்து சாய்சதுரமாக இழுபட்டிருக்கிறது என்று அர்த்தம். கதவு சிக்கியதற்கும் காரணம் அதேதான். சட்டம் கோணலானால் கதவு எப்படித் திறக்கும்?

மூன்றாவது தடயம் அடியில் இருந்தது. கேபினுக்குப் பின்னால் முதல் யு போல்ட் இருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து, செம்பழுப்பு நிறத்தில் மெல்லிய துருப்பொடி படிந்திருந்தது. இறுக்கிய இரும்புக்கு நடுவே அசைவு இருந்தால் மட்டுமே வருகிற பொடி அது. பெட்டி உட்கார்ந்திருக்கும் நீளம் முழுக்க சேஸை வளையவிடாமல் பிடித்துக்கொண்டதால், மொத்த முறுக்கும் கேபினுக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள ஒரு முழ இடத்தில் வந்து குவிந்திருக்கிறது. நல்லவேளை, பெட்டி முதலில் விரிந்தது. விடாமல் பிடித்திருந்தால் அந்த இடத்தில் சேஸே விரிந்திருக்கும்.

பெட்டியைத் தூக்கி இறக்கிவிட்டு, வெறும் சேஸில் நூல் பிடித்துப் பார்த்தோம். கொத்தனார் வேலைதான், பெரிய கருவி எதுவும் வேண்டாம். பெட்டி உட்காரும் நீளத்தின் நான்கு முனைகளிலும் சம உயரத்துக்குக் கம்பி நட்டு, மூலைக்கு மூலை இரண்டு நூல் கட்ட வேண்டும். சமதரையில் இரண்டு நூலும் நடுவில் ஒன்றையொன்று தொடும். முன்பக்க வலது சக்கரத்தின் கீழ் 300 மி.மீ. உயரக் கட்டை வைத்து ஏற்றினோம். நூல்கள் பிரிந்தன, நடுவில் 12 மி.மீ. இடைவெளி.

பன்னிரண்டுதானே என்றார் நண்பர். கணக்கைப் போட்டுக் காட்டினேன். நடுவில் நூல் 12 பிரிந்தால், மூன்று முனைகளை ஒரே தளத்தில் வைத்துப் பார்க்கும்போது நான்காவது முனை அதைப் போல இரண்டு மடங்கு விலகி நிற்கிறது, 24 மி.மீ. இது சேஸின் அகலத்தில். சேஸ் 86 செ.மீ. அகலம், பெட்டி 2.3 மீட்டர். அதே முறுக்கைப் பெட்டியும் ஏற்றுக்கொண்டால் அதன் நான்காவது மூலை 64 மி.மீ. விலக வேண்டும். நான்கு விரல் அகலம்! பசை வைத்து ஒட்டிய பெட்டியில் அதற்கு இடம் ஏது?

என்ன வழிகள் இருந்தன

மூன்று புள்ளித் தாங்கல் புத்தகத்துக்கு அழகு. பின்னால் இரண்டு பக்கமும் இரண்டு புள்ளி, முன்னால் நட்ட நடுவில் ஒரே ஒரு சுழல் அச்சு. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாது, அதே தத்துவம். சேஸ் எப்படி முறுக்கினாலும் பெட்டிக்குத் தெரியாது. ஆனால் முன்பக்க எடை முழுவதும் ஒரு குறுக்குச் சட்டத்தின் நடுவில் இறங்கும், அந்தச் சட்டத்தைத் தனியாகப் பலப்படுத்த வேண்டும். சாய்வான இடத்தில் பெட்டி பக்கவாட்டில் ஆடுவதையும் பின்பக்க இரண்டு புள்ளிகளே சமாளித்தாக வேண்டும்.

நான்கு புள்ளி என்பது சாய்சதுரம்: முன்னும் பின்னும் நடுவில் ஒவ்வொரு சுழல் அச்சு, இடுப்பில் இரண்டு பக்கமும் இரண்டு. எடை நன்றாகப் பிரியும், ஆட்டமும் குறைவு. ஆனால் ஒவ்வொரு மூட்டும் லேத்தில் கடைந்து, கிரீஸ் வைத்து, பிறகு தொடர்ந்து கவனிக்க வேண்டிய சமாசாரம்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது ஸ்பிரிங் தாங்கல். பெட்டியின் அடிச்சட்டத்துக்கும் இரண்டு நீள ரயில். அவை சேஸ் ரயில்களின் மேல் முழு நீளத்துக்கும் உட்கார்ந்திருக்கும். பின்பாதியில், பின் ஆக்சில் பக்கம், தகடு வைத்து அசையாத போல்ட். முன்பாதியில் போல்ட்டின் அடியில் கனமான அழுத்த ஸ்பிரிங். தட்டையான சாலையில் எடை ரயில் முழுக்கப் பரவி நிற்கும். சேஸ் முறுக்கினால் முன்னால் ஒரு பக்கம் சேஸ் ரயில் கீழே நழுவும். ஸ்பிரிங் நசுங்கி இடைவெளியை விட்டுக்கொடுக்கும், திரும்பி வரும்போது இழுத்து உட்காரவைக்கும். முக்காலியைப் போல முழு விடுதலை இல்லை. ஆனால் ஒரு போல்ட் உடைந்தாலும் வண்டி வீடு வந்து சேரும், நடுக்காட்டில் ஒரு ஸ்பேனரை வைத்தே சரி செய்யலாம். ராணுவ லாரியைத் தேடி வாங்கியதே அப்படிப்பட்ட இடங்களுக்குப் போகத்தானே.

கட்டும்போது மூன்று விஷயத்தில் நான் பிடிவாதமாக இருந்தேன். சேஸ் ரயிலின் மேல் விளிம்பிலும் கீழ் விளிம்பிலும் ஓட்டை போடக் கூடாது, இழுவிசையும் அழுத்தமும் உச்சமாக இருப்பது அங்கேதான். ஏற்கெனவே நடுச்சுவரில் இருக்கும் ஓட்டைகளையே பயன்படுத்த வேண்டும். அப்புறம் சேஸில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். சூடுபண்ணிப் பதப்படுத்திய இரும்பை வெல்டிங் அந்த இடத்தில் மட்டும் மெலியவைத்துவிடும். மூன்றாவது, இரும்பும் இரும்பும் நேராக உரசக் கூடாது. நடுவே வழுவழுப்பான கெட்டி பிளாஸ்டிக் பட்டை ஒன்றைப் பரப்பினோம், தேயட்டும் என்றே.

ஸ்பிரிங்கில்தான் தடுமாறினோம். முதலில் போட்டவை கெட்டி. கட்டைமேல் ஏற்றினால் ரயில் 9 மி.மீ.தான் எழும்பியது, மீதி முறுக்கு பெட்டிக்குள் போனது. அடுத்து போட்டவை மெலிவு. பிரேக் அடித்தால் பெட்டி தலையாட்டியது. மூன்றாவது ஜோடி சரியாக அமைந்தது. 24 தேவை என்று கணக்கு சொன்னாலும் 50 மி.மீ. வரை இடம் விட்டோம். எல்லாக் குழியும் 300 மி.மீ.யோடு நின்றுவிடாது.

கேபினிலிருந்து பெட்டிக்குள் தவழ்ந்து போக ஒரு சிறிய வழி வைத்திருந்தார். கேபினுக்கும் பெட்டிக்கும் தகரச் சட்டம் போட்டு நேராக இணைத்தது. அது ஏற்கெனவே பிய்ந்திருந்தது. கேபின் தன் தாங்கல்களின் மேல் தனியாக ஆடும், பெட்டி தனியாக ஆடும். இரண்டையும் தகரம் எப்படிச் சேர்த்து வைக்கும்? போதாக்குறைக்கு இந்த லாரியில் இன்ஜினைப் பார்க்கக் கேபினையே முன்னால் கவிழ்க்க வேண்டும். நான் அந்த வழியை அடைத்துவிடச் சொன்னேன். நண்பரின் மனைவி விடவில்லை. ராத்திரியில் இறங்காமலே ஓட்டுநர் இருக்கைக்குப் போய்விட முடிவது ஒரு பாதுகாப்பு என்றார். அவர் சொன்னதுதான் சரி. பஸ்களின் நடுவே இருக்குமே மடிப்பு மடிப்பான ரப்பர் துருத்தி, அது மாதிரி ஒன்றைத் தைத்து, கொக்கியில் மாட்டிக் கழற்றும்படி செய்தோம்.

எடை

இந்த லாரியின் அதிகாரபூர்வச் சுமை 5,000 பவுண்டு, அதாவது 2,268 கிலோ. நண்பரின் தாளில் எல்லாம் சேர்த்து 1,700. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தால் 2,150. இடையிலே காணாமல் போன 450 கிலோ வேறெங்கும் இல்லை: திருகு, பசை, ஒயர், மேலே போட்ட ஒட்டுப்பலகை, கருவிப் பெட்டி, கடைசி நேரத்தில் ஏறிய சாமான்கள். எல்லா வண்டியிலும் இது நடக்கும், அதனால் தாள் கணக்கை நம்பிச் சுமையின் விளிம்புவரை போகக் கூடாது.

மொத்த எடையைவிட முக்கியம் அது எங்கே நிற்கிறது என்பது. ஒவ்வொரு சக்கரமாக நிறுத்தியபோது இடப்பக்கம் 180 கிலோ அதிகம். 300 லிட்டர் தண்ணீர் டேங்க், பேட்டரி, அடுப்பு மேடை மூன்றையும் ஒரே பக்கம் வைத்திருந்தார். டேங்கைப் பின் ஆக்சிலுக்கு முன்னால், நடுவில், தரையோடு தரையாகக் கொண்டுவந்தோம். தண்ணீர் மேலே இருந்தால் வளைவில் வண்டி சாயும், அதுவும் பாதி நிறைந்த டேங்க் இன்னும் மோசம். ஸ்டெப்னியும் நூறு கிலோவுக்கு மேல். அதை இறக்கி ஏற்ற லாரியிலேயே இருந்த அமைப்பைக் கழற்றாமல் விட்டது நல்லதாயிற்று.

மற்றவை, சுருக்கமாக

குளிருக்கான கணக்கு நன்றாகவே வந்தது. பெட்டியின் மொத்தப் பரப்பு சுமார் 47 சதுர மீட்டர். 50 மி.மீ. பாலியூரித்தேன் வழியாக ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, அரை வாட் வெளியேறும். உள்ளே 20, வெளியே மைனஸ் 10 என்றால் 700 வாட். ஜன்னல், கதவு, காற்றோட்டம் என்று இரண்டு மடங்காக்கினாலும் 2 கிலோவாட் டீசல் ஹீட்டர் தாராளம். வில்லங்கம் செய்தது குளிரல்ல, ஈரம். சுவரை ஊடுருவிப் போன இரும்பு போல்ட்டுகளின் தலைகள் காலையில் முத்துமுத்தாக வியர்த்தன. அவற்றை பிளாஸ்டிக் மூடி வைத்து அடைத்து, மேலே ஒரு காற்றுவாரியை எப்போதும் கொஞ்சம் திறந்தே வைக்கச் சொன்னேன்.

மின்சாரம் 24 வோல்ட். லாரியே 24 என்பதால் பொருந்தும், 12ஐவிடப் பாதி கரன்ட்தான் ஓடும், ஒயரும் மெலிதாகப் போதும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியை உறைநிலைக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது என்பதால் பெட்டிக்கு வெளியே இருந்த அதை உள்ளே மாற்றினோம்.

வேகம் பற்றி நண்பருக்கு இன்னும் குறை. உச்சம் 94 கி.மீ., அதிலும் இன்ஜின் தன் உச்சச் சுற்றான 2,600ஐத் தொட்டுக் கத்தும். ஆக்சிலில் 3.90 விகிதம், சக்கர மையத்தில் மறுபடி இரண்டு மடங்கு, ஆக 7.8, பாரம் இழுக்கச் செய்த பல்சக்கரம் அப்படித்தான் இருக்கும். ஆக்சிலுக்குள் இருக்கும் பல்சக்கர ஜோடியான கிரவுன் பினியனை மாற்றினால் சத்தம் குறையும், மலையேறும் தெம்பும் அதோடு போகும். 80இல் ஓட்டுங்கள், காதுக்குக் கவசம் போடுங்கள் என்பது என் கட்சி. டயரில் காற்றைக் கேபினிலிருந்தே கூட்டிக் குறைக்கும் வசதி இருக்கிறது, அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்றேன். கரடுமுரடான பாதையில் காற்றைக் குறைத்து ஓட்டினால் பெட்டிக்கு விழும் குலுக்கலில் பாதியை டயர் வாங்கிக்கொள்கிறது. சக்கர மையத்து சீல் வழியாகக் காற்று கசிவது இவற்றில் சகஜம், ஸ்டார்ட் செய்ததும் கொஞ்ச நேரம் காத்திருக்கத்தான் வேண்டும்.

மறு சோதனை

பெட்டியை ஏற்றியபின் அதே கட்டை, அதே சக்கரம். இம்முறை நூலைப் பெட்டியின் தரையில் பிடித்தோம். முன்பக்க இடது ரயில் சேஸைவிட்டு 22 மி.மீ. எழும்பி நின்றது, விரலை விட்டுப் பார்க்கலாம். உள்ளே நூல்களுக்கு நடுவே ஒரு தாள் நுழைகிற இடைவெளிதான். நண்பர் கதவைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். கட்டையை இடப்பக்கச் சக்கரத்துக்கு மாற்றச் சொல்லி அங்கேயும் திறந்து மூடினார்.

எட்டு மாதம் ஓடிய பிறகு ரயில்களுக்கு நடுவே பரப்பிய பிளாஸ்டிக் பட்டையைக் கழற்றி அளந்தோம். முன்முனையில் 2 மி.மீ. தேய்ந்திருந்தது, பின்னால் தேய்மானமே இல்லை. ஜன்னல் மூலையில் ஒட்டுப்போட்ட விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு கிழித்துத் தேதி எழுதி வைத்திருந்தேன். விரிசல் கோட்டைத் தாண்டவில்லை.